தூங்கப் போகாத செல்கள்

அக்காவுக்கு ஆய்வுக்கூடத்தில் ‘சீவல்’ என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டால் ஒருத்தரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் வாய்க்கு வாய் அதுதான். உறையவைத்த தசைத் துண்டை மெஷினில் பூட்டி, தலைமுடிப் பருமனில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாத மெல்லிசாக அவள் சீவி எடுப்பாள். சுருளாது, மடங்காது, கிழியாது. மற்றவர்கள் சீவிக் கொண்டுபோனால், “இது தசையா, மூக்கு சிந்தின காகிதமா?” என்று புரொபசர் கேட்பார். அக்கா கொண்டுபோனால் ஒன்றும் சொல்லாமல் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிடுவார். அந்த மனிதரிடம் அதற்கு மேல் பாராட்டை எதிர்பார்த்தால் தப்பு நம்முடையது.

வீட்டில் அவள் வெறும் அக்கா. ஒரே தம்பி. அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு அம்மாவுக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. கல்யாணம் என்று ஒரு பேச்சு வந்து, பேச்சாகவே போய்விட்டது. அதற்காக அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்காரவில்லை. அவளுடைய கவலையெல்லாம் தம்பியின் தோளும் தொடையும்தான்.

தம்பிக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு. தசைநாரின் உறை கிழியாமல் பிடித்து வைத்திருக்க வேண்டிய புரதம் ஒன்று அவன் உடம்பில் சரியாக உருவாகவில்லை. சின்ன வயதில் தெரியவில்லை. எல்லாப் பிள்ளைகளையும் போல ஓடினான், சைக்கிள் விட்டான், விழுந்தான். மீசை அரும்புகிற வயதில், தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்றான். வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறான் என்று அம்மா திட்டினாள். அந்தத் திட்டை நினைத்து அவள் இன்றைக்கும் அழுவாள். முப்பது வயதுக்குள் அவன் கை தோளுக்கு மேல் போக மறுத்தது. விரல்கள் மட்டும் தப்பித்தன. அதனால் வீட்டுக்குக் கீழே இருந்த அறையில் செல்போன் ரிப்பேர் கடை போட்டான்.

“வீட்டுல ரெண்டு செல் டாக்டர் இருக்கோம். எங்கிட்ட வர்ற செல்லு மட்டும்தான் பிழைக்குது,” என்பான். அக்கா முறைப்பாள். அவன் சிரித்துக்கொண்டே திருகாணியைக் கழற்றுவான்.

மாடியிலிருந்து கடைக்கு வர, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து இறங்குவான். தலை வார வேண்டுமென்றால் மேஜையில் முழங்கையை ஊன்றி, தலையைக் கையிடம் கொண்டுபோவான். இப்படிப்பட்டவனைத்தான், போன் திரை மாற்ற வந்த மழலையர் பள்ளி டீச்சர் ஒருத்தி, தேவையே இல்லாமல் நாலைந்து தடவை வந்து பார்த்துவிட்டுக் கட்டிக்கொண்டாள். எல்லாம் தெரிந்துதான் கட்டிக்கொண்டாள். தெருவே அவளை டீச்சர் என்றது, தம்பியும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டான், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இந்த இடத்தில் தசையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் குடும்பத்துக்கு என்ன நடந்தது என்பது விளங்காது.

தசைநார் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு மெல்லிய உறை உண்டு. உறைக்கும் நாருக்கும் நடுவில், அந்த இடுக்கில், சின்னச் சின்ன செல்கள் ஒடுங்கிப் படுத்துத் தூங்கும். ஸ்டெம் செல் என்கிறார்களே, அதில் தசைக்கென்றே இருக்கிற வகை. வருஷக் கணக்காகத் தூங்கும். சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். நார் கிழிந்தால் விழித்துக்கொள்ளும், இரண்டாகும், நாலாகும், கிழிந்த இடத்தை இட்டு நிரப்பித் தாமே புது நாராக மாறிவிடும். மாறினது மாறினதுதான், திரும்பி வராது. எல்லாமே அப்படி மாறிவிட்டால் அடுத்த கிழிசலுக்கு ஆள் ஏது? அதனால் விழித்தவற்றில் சில, வேலையை அப்படியே விட்டுவிட்டு, பழைய இடுக்குக்குப் போய் மறுபடி படுக்க வேண்டும். எழுப்பிவிட ஆயிரம் பேர் உண்டு: ரத்தம், வீக்கம், காயத்துக்கு ஓடி வருகிற வெள்ளை அணுக்கள். ‘போதும், போய்ப் படு’ என்று சொல்லத்தான் ஆள் குறைவு. பக்கத்து செல் தொட்டுச் சொல்ல வேண்டும், உறை சொல்ல வேண்டும், நார் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு சரியாக நடப்பதால்தான் நீங்களும் நானும் கிழவர்களான பிறகும் மாடி ஏறுகிறோம்.

தம்பியின் உடம்பில் நார் கிழிவதற்குக் காயமே வேண்டாம். படி ஏறினால் கிழியும், இருமினால் கிழியும். தூங்குகிற செல்களுக்கு ஓய்வே இல்லை, எந்நேரமும் அழைப்பு. வருஷா வருஷம் கையிருப்பு கரைய, கரைந்த இடத்தில் கொழுப்பும் தழும்பும் குடியேறிக்கொண்டிருந்தன.

புரொபசருக்கு ஒரு யோசனை உதித்தது. அந்தப் ‘போய்ப் படு’ என்கிற பேச்சைக் கொஞ்சம் அடக்கி வைத்தால் என்ன? இன்னும் நிறைய செல்கள் வேலைக்கு நிற்குமே. அதற்கு ஒரு மருந்து செய்தார்கள். தம்பிக்கு இருக்கிற அதே கோளாறு உள்ள எலிகளுக்குக் கொடுத்தார்கள். கம்பியில் தொங்கவிட்டால் தொப்பென்று விழுகிற எலிகள், விழ மாட்டேன் என்று அடம்பிடித்துத் தொங்கின. பாம்பு விஷத்திலிருந்து எடுத்த ஒரு சாற்றைக் காலில் ஏற்றித் தசையை வேண்டுமென்றே நாசமாக்கிப் பார்த்தார்கள். அதுவும் அழகாக ஆறியது. அக்கா சீவினாள், சிவப்புச் சாயம் ஏற்றினாள், எண்ணினாள். அந்தச் சாயம் ஸ்டெம் செல்லில் மட்டும்தான் ஏறும். உறைக்கடியில் எங்கே பார்த்தாலும் சிவப்புப் புள்ளிகள், முன்பு இருந்ததைவிட அதிகம். தசையும் வளர்ந்திருக்கிறது, கையிருப்பும் கூடியிருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். புரொபசர் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பலர் பார்த்தார்கள்.

முறைப்படி பார்த்தால், ஆறின தசையை இன்னொரு தடவை காயப்படுத்திப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது காயமும் ஆறினால்தான் செல்கள் திரும்பிப் போய்ப் படுத்திருக்கின்றன என்று அர்த்தம். “இவ்ளோ சிவப்பு இருக்கும்போது அது எதுக்கு?” என்றார் புரொபசர். யாரும் மறுத்துப் பேசவில்லை. அக்காவும் பேசவில்லை. அவளுக்கு எப்போது மனிதர்களுக்குக் கொடுப்பார்கள் என்றுதான் இருந்தது.

கொடுக்க ஆரம்பித்தபோது, மருந்து கொடுக்கிற டாக்டரம்மாவின் பின்னாலேயே அலைந்தாள். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவரின் தம்பியை எப்படிச் சேர்ப்பது என்று டாக்டரம்மா தயங்கினார். அக்கா விடவில்லை. துண்டுகளில் பெயர் வேண்டாம், எண் மட்டும் ஒட்டுங்கள், எது யாருடையது என்று எனக்குத் தெரிய வேண்டாம் என்று மன்றாடினாள். கடைசியில் அவர் இறங்கி வந்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆளின் தசை வேண்டும் என்றபோது ஒருத்தரும் முன்வரவில்லை. அக்கா தன் தொடையைக் காட்டினாள். தடித்த ஊசியை இறக்கி, அரிசி மணியளவு பிய்த்தெடுத்தார்கள். நொண்டிக்கொண்டே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள். சேர்ந்த எல்லோருக்கும் நிஜ மருந்துதான், வெறும் மாத்திரை யாருக்கும் கிடையாது என்று அன்றைக்கே தம்பியிடம் சொல்லிவிட்டாள்.

பிறகு வந்த மாதங்களைப் பற்றி என்ன சொல்ல. அந்த வீட்டில் அப்படி ஒரு சந்தோஷத்தை யாரும் பார்த்ததில்லை. ஒரு நாள் காலையில் தம்பி கண்ணாடி முன்னால் நின்றபடி, கையைத் தூக்கித் தலை வாரினான். அம்மா அடுப்பில் இருந்ததை மறந்து கருகவிட்டாள். இன்னொரு நாள் மாடிப்படியை நின்றபடி ஏறினான், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான், ஆனாலும் நின்றபடி. டீச்சர் பின்னாலேயே ஏறி, விழுந்தால் தாங்கக் கையை நீட்டியபடி வந்தாள். அவன் விழவில்லை. மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு, “இனிமே யார் திட்டினாலும் எழுந்து வெளிய போயிடுவேன், ஜாக்கிரதை,” என்றான்.

குழந்தை வேண்டாம் என்றிருந்தவர்கள் மனத்தை மாற்றிக்கொண்டார்கள். டீச்சரின் உடம்பில் அந்தக் கோளாறு இல்லை, பிள்ளைக்கு வராது என்று பரிசோதித்துச் சொல்லியிருந்தார்கள். அவனுக்கிருந்த பயம் வேறு. தூக்கக்கூட முடியாத அப்பன் எதற்கு என்பான். இப்போது அந்தப் பயம் போயிற்று. டீச்சர் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து, கடையில் ஆள் இல்லாத நேரத்தில் தண்ணீர் நிரப்பின பாட்டிலை இரண்டு கையிலும் ஏந்தி மார்போடு அணைத்துப் பழகுவான். அக்கா பார்த்துவிட்டால், “எடை பாக்கறேன்,” என்று அசடு வழிவான்.

அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். தன் குழந்தையைத் தன் கையால் தூக்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் பக்கத்து அறைக்காரர்கள் புற்றுநோய்க் கட்டிகளைப் பார்க்கிறவர்கள். அவர்களிடம் ஒரு பச்சைச் சாயம் இருந்தது. பிரியத் தயாராக இருக்கிற செல்லில் மட்டும் ஏறும். தூங்குகிற செல்லில் ஏறாது. மிஞ்சினதை, தேவைப்பட்டால் எடுத்துக்கொள் என்று அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவளுக்கு அன்று பெரிதாக வேலை இல்லை. மருந்து கொடுத்த எலிகளின் பழைய சீவல்கள் கிடந்தன, அவற்றில் ஏற்றிப் பார்த்தாள்.

சிவப்பாக இருந்த ஒவ்வொரு புள்ளியும் பச்சையாகவும் இருந்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. சிவப்புச் சாயத்துக்குத் தூக்கமும் விழிப்பும் ஒன்றுதான், அது இரண்டிலும் ஏறும். சாதாரணத் தசையில், காயம் ஆறின பிறகு மிச்சமிருக்கிற சிவப்பெல்லாம் படுத்துத் தூங்கிவிடும். அதனால் அந்தக் கூடத்தில் பரம்பரையாக ஒரு பழக்கம், ஆறின தசையில் சிவப்பை எண்ணிக் கையிருப்பு என்று எழுதுவார்கள். யாரும் கேள்வி கேட்டதில்லை. படுக்கவிடாத ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டு, அதே பழக்கத்தில் எண்ணியிருக்கிறார்கள். எழுந்து வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவர்களை வீட்டில் இருப்பவர்களாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். படித்தவர்கள், பட்டம் வாங்கினவர்கள், அத்தனை பேரும்.

சாயம் கெட்டுப்போயிருக்கும் என்றார் புரொபசர். அக்கா சண்டை போடவில்லை. மருந்து சாப்பிட்ட எலிகளில் மீதியிருந்தவற்றில் சிலவற்றுக்கு மட்டும், அன்றைக்கு வேண்டாம் என்ற இரண்டாவது காயத்தைச் செய்தாள். காத்திருந்தாள். ஆறியிருக்க வேண்டிய காலம் தாண்டியும் காலை நீட்டியபடி இழுத்துக்கொண்டு திரிந்தன அந்த எலிகள். தோலை விலக்கியபோது சிவந்த தசை இருக்க வேண்டிய இடத்தில் வெளிறின கொழுப்பு இருந்தது.

மருந்து சாப்பிடுகிறவர்களின் தொடையிலிருந்து இரண்டாம் முறை எடுத்த துண்டுகள் உறைபெட்டியில் எண்களோடு காத்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துச் சீவினாள். அப்போதும் ஒன்றும் சுருளவில்லை, கிழியவில்லை. சிவப்பும் பச்சையும் சேர்த்து ஏற்றினாள். முதலில் பார்த்த துண்டில் கொஞ்சம் சிவப்பு இருந்தது, எல்லாம் பச்சையோடு. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததில் சிவப்பே அரிது. இதில் தம்பியுடையது எதுவாக இருக்கும் என்று தேடிக்கொண்டே வந்தவள், கடைசித் துண்டைப் பார்த்து முடித்தபோது, தேட வேண்டிய அவசியமே இல்லை என்று உணர்ந்தாள். எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. பக்கத்தில் இன்னொரு கண்ணாடித் துண்டு இருந்தது, அவளுடைய சொந்தத் தொடை. அதில் உறைக்கடியில் சிவப்புகள் நிம்மதியாகத் தூங்கின. பச்சை ஒரு பொட்டுகூட இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அவள் மேலேயே வெறுப்பாக இருந்தது.

புரொபசர் நெடுநேரம் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்த பிறகும் அவளைப் பார்க்கவில்லை. “உன் தம்பி…” என்று ஆரம்பித்தார். மருந்தை நிறுத்தச் சொல்லி டாக்டரம்மாவுக்குச் சொல்கிறேன், வாரக் கடைசியில் அவர் எல்லோரையும் கூப்பிட்டு முறையாகச் சொல்லிவிடுவார் என்றார். வாரக் கடைசி வரை வாயை மூடிக்கொண்டிருக்க அக்காவால் ஆகாது. பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தம்பி கடையில்தான் இருந்தான். யாருடைய போனையோ திறந்து போட்டு, குனிந்து ஊதிக்கொண்டிருந்தான். அக்கா கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்பையும் பச்சையையும் சொன்னாள், எலிகளைச் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. சொல்லும்போது அழ மாட்டேன் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்து வந்திருந்தாள், அதை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. அவன் கேட்டுக்கொண்டே ஒரு திருகாணியை முறுக்கி முடித்தான்.

“எனக்குத் தெரியும்க்கா,” என்றான்.

கொஞ்ச காலமாகவே கை சரியாக எழும்பவில்லையாம். டாக்டரம்மா கையைத் தூக்கச் சொல்லிப் பார்க்கும்போது, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி, அந்த வேகத்தில் கையை மேலே வீசிவிடுவானாம். வெளியே தெரிந்தால் மருந்தை நிறுத்திவிடுவார்களே என்று பயம். வீட்டில் தலை வாருவதையும் எல்லோரும் வெளியே போன பிறகு, பழையபடி மேஜையில் முழங்கையை ஊன்றித்தான் செய்து வந்திருக்கிறான். டீச்சருக்கும் தெரியாது. அக்காவுக்குத் தெரியாமல் போயிற்றே என்று அக்காவுக்கே ஆறவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தசையைப் பார்ப்பதையே பிழைப்பாக வைத்துக்கொண்டு.

“உன்னோடதுல கொஞ்சம் எடுத்து எனக்குப் போட முடியாதா?” என்று கேட்டான். பாதி விளையாட்டாகத்தான் கேட்டான். பதிலுக்காக அவன் காத்திருந்த விதத்தில் விளையாட்டு இல்லை.

“எடுத்தாலே முழிச்சிக்கும்டா. முழிச்சதை உள்ள விட்டா, ஊசி போட்ட இடத்துல ஏதோ கொஞ்சம் ஒட்டும். மிச்சமெல்லாம் செத்துடும்.”

அவன் தலையாட்டினான். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து மாத்திரைப் புட்டியை எடுத்து வெளியே வைத்தான். பாதிக்கு மேல் இருந்தது.

“இதச் சாப்பிட்டுட்டே இருந்தா, பிறக்கிற வரைக்கும் கை தாங்குமா?”

அக்கா யோசித்தாள். பொய் சொல்ல வரவில்லை. அங்கங்கே ஆழத்தில் ஏதாவது ஒன்றிரண்டு இன்னும் தூங்கிக்கொண்டிருக்கலாம். மாத்திரை அவற்றையும் எழுப்பும். எழுப்பினால் கொஞ்ச நாளைக்குக் கைக்குத் தெம்பு வரும், குழந்தை பிறக்கிற சமயம் வரைக்கும்கூடத் தாங்கலாம். அதற்குப் பிறகு ஒன்றுமே இருக்காது. நிறுத்தினால் அந்த ஒன்றிரண்டு மிஞ்சும், மிஞ்சினது மெல்லப் பெருகும், நெஞ்சுத் தசையாவது இன்னும் சில வருஷம் ஓடும். மிஞ்சும் என்று அவளுக்கு எந்தச் சீவலும் காட்டவில்லை. ஆனால் தெரிந்தவள் மாதிரியே சொன்னாள்.

“அப்ப தாங்கும்,” என்றான் தம்பி.

“மூச்சு விடறதும் தசைதான்டா.”

“தெரியும். ஒரு தடவை தூக்கினா போதும். அதுக்கப்புறம் என்ன வேணா ஆகட்டும்.”

“அந்தப் பிள்ளைக்கு அப்பன் வேணாமா?”

“தூக்காத அப்பனா?”

அதற்கு மேல் பேசினால் அவன் சொல்வதுதான் சரி என்று தோன்றிவிடும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. சட்டென்று புட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவன் பிடுங்கப் பார்த்தான். கை மேஜை விளிம்பைத் தாண்டி எழவில்லை. உலுக்கிப் பார்த்தான், பழகின வித்தைதான், அப்போதும் எழவில்லை. அக்கா புட்டியைப் பைக்குள் போட்டு மூடினாள். டாக்டரம்மா எப்படியும் திருப்பிக் கேட்கத்தான் போகிறார் என்றாள். பாதியை ஒளித்து வைத்துக்கொள்ளத் தம்பிக்குத் தெரியும், அதனால்தான் வாங்கிக்கொண்டாள். அவன் கெஞ்சவில்லை. அம்மாவிடம் மட்டும் சொல்லாதே என்றான். திறந்து கிடந்த போனை மறுபடி குனிந்து ஊதத் தொடங்கினான்.

மாத்திரைகளை மறுநாளே அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அப்புறம் இறக்கம்தான். மாடிப்படியில் உட்கார்ந்து நகர்வதுகூட முடியாமல் போய், கடையை மேலே வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். இப்போதைக்கு அசதி, போகப் போகச் சரியாகும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்தார்கள். அம்மா நம்பினாள், அல்லது நம்புவதாகக் காட்டிக்கொண்டாள். டீச்சரிடம் தம்பியே சொல்லிவிட்டான். அவள் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை, மறுநாள் போனாள். “நீங்க அவர்கிட்ட சொல்லாம விட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாள் நிம்மதியா இருந்திருப்பேன், அண்ணி,” என்று மட்டும் அக்காவிடம் ஒரு தடவை சொன்னாள். குற்றமாகச் சொல்லவில்லை.

அக்கா தன் நம்பிக்கையை எலிகளிடம் வைத்திருந்தாள். மருந்து சாப்பிட்டவற்றில் காயம் செய்யாமல் விட்டிருந்தவற்றில் பாதிக்கு நடுவிலேயே நிறுத்தி, மீதிக்குக் கடைசி வரை கொடுத்து, இரண்டையும் ஒப்பிடப் போகிறோம் என்று புரொபசர் ஏற்பாடு செய்திருந்தார். நிறுத்தினவற்றில் ஒரு சிவப்பாவது தூங்கிக் கிடந்தால் போதும், தான் செய்தது சரி என்றாகிவிடும். டீச்சருக்கு நாள் நெருங்கின சமயத்தில் அந்தத் தசைகள் சீவலுக்கு வந்தன. சீவினாள். இரண்டு சாயமும் ஏற்றினாள். பார்த்தாள். நிறுத்தினவற்றிலும் இல்லை, நிறுத்தாதவற்றிலும் இல்லை. எது எது என்று எண்ணைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. தூங்கிக்கொண்டிருந்த அந்த ஒன்றிரண்டும் அவள் மனத்தில்தான் இருந்திருக்கின்றன. இந்தத் தடவை மைக்ராஸ்கோப்பை அணைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள்.

பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை. மருத்துவமனையில் ஜன்னலோரப் படுக்கையில் டீச்சர் அயர்ந்து தூங்கினாள். அம்மா வெளியே நடைக்கூடத்தில், பார்க்கிறவர்களிடமெல்லாம் தகவல் சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பியைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்திருந்தார்கள். மூக்கில் முகமூடி, நாற்காலியின் பின்னால் மாட்டின சின்ன மெஷின் அவனுக்காக மூச்சை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. நெஞ்சுத் தசை அவள் சொன்ன வருஷங்களுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. நர்ஸ் அவன் மடியில் தலையணையைப் போட்டு, குழந்தையை அதன் மேல் படுக்கவைத்துவிட்டுப் போனாள்.

அவனுடைய கைகள் தலையணையின் இரண்டு பக்கமும் வைத்த இடத்தில் கிடந்தன. அக்கா ஒரு கையை எடுத்துக் குழந்தையின் பாதத்தருகே வைத்தாள். அவன் இரண்டு விரலால் அந்தக் காலின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டான். அழவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“நிறுத்தினதால ஏதாவது மிஞ்சுச்சாக்கா?” என்று கேட்டான், நிமிர்ந்து பார்க்காமல்.

ஆம் என்று சொல்லியிருக்கலாம். யார் வந்து சீவிப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரி அவனிடம் ஒரு தடவை சொன்னதே போதும் என்றிருந்தது அவளுக்கு.

“இல்லடா. நிறுத்தினாலும் நிறுத்தாட்டியும் ஒண்ணுதான்.”

அவன் தலையாட்டினான். மெஷின் ஒரு மூச்சைத் தள்ளி முடிக்கட்டும் என்று காத்திருந்தான்.

“அப்ப குடுத்திருக்கலாம்ல,” என்றான்.

குழந்தை சிணுங்கியது, காலை உதறியது, விரல் அவன் பிடியிலிருந்து நழுவிற்று. தலையணை சரியத் தொடங்கவே, அக்கா குனிந்து இரண்டு கைகளையும் குழந்தைக்கு அடியில் கொடுத்தாள்.

“நீ தூக்காத,” என்றான் தம்பி. “அம்மாவக் கூப்பிடு.”

அவள் ஒரு கையால் தலையணையைப் பிடித்துக்கொண்டு, கதவுப் பக்கம் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டாள்.